மற்ற கொம்புகள்: வண்ணத்துப்பூச்சிக்கும் விட்டிலுக்கும் நடுவே போட்ட வேலியின் கதை

தோட்டத்தில் பறக்கிறது வண்ணத்துப்பூச்சியா, அந்துப்பூச்சியா? எப்படிக் கண்டுபிடிப்பது? இணையத்தில் தட்டிப் பார்த்தால் ஐந்து விதிகள் வரும். பகலில் பறந்தால் வண்ணத்துப்பூச்சி, ராத்திரி என்றால் அந்து. சிறகை மேலே கூப்பி உட்கார்ந்தால் வண்ணத்துப்பூச்சி, விரித்து உட்கார்ந்தால் அந்து. உணர்கொம்பின் நுனியில் குண்டு இருந்தால் வண்ணத்துப்பூச்சி, நூல் மாதிரியோ இறகு மாதிரியோ இருந்தால் அந்து. மெலிந்த உடம்பு, பளிச் நிறம் என்றால் முன்னது. தடித்த, மயிர் படர்ந்த உடம்பு, மங்கல் நிறம் என்றால் பின்னது. கூட்டுப்புழு வெறுமனே தொங்கினால் முன்னது, பட்டுக்கூட்டுக்குள் இருந்தால் பின்னது.

இந்த ஐந்தையும் மனப்பாடம் பண்ணிக்கொண்டு குலசேகரம் பக்கத்தில் ஏதாவது ஒரு விளைக்குள் போய் நில்லுங்கள். (வெளியூர்க்காரர்களுக்கு: எங்க பக்கம் தோட்டத்துக்கு விளை என்றுதான் பேர்.) கொஞ்சம் தென்னை, கொஞ்சம் வாழை, மரத்தில் ஏறிய நல்லமிளகு, ஓரத்தில் மரச்சீனி, வீட்டு முற்றத்தில் தெச்சியும் கறிவேப்பிலையும், வேலிக்கு அப்பால் ரப்பர். ஒரு நாள் பொறுமையாகப் பார்த்தால் ஐந்து விதியில் ஒன்றுகூட முழுசாக நிற்காது. அப்படியானால் இந்த விதிகளை யார், எப்போது, எதற்குப் போட்டார்கள்? அந்தக் கதையைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

நம்மிடம் இருந்த சொற்கள்

முதலில் பெயர். வண்ணத்துப்பூச்சி, பட்டாம்பூச்சி, எங்க பக்கத்திலும் திருவனந்தபுரம் பக்கத்திலும் பாப்பாத்தி. இவை எல்லாம் கண்ணுக்கு அழகாகப் பட்டதற்கு வைத்த பெயர்கள். பூச்சியியல் வகைப்பாடு எதுவும் இவற்றுக்குள் இல்லை. சிறகு பளிச்சென்று இருந்தால் பாப்பாத்தி, அவ்வளவுதான்.

மறுபக்கம் இரண்டு சொற்கள். ஒன்று விட்டில். விளக்கில் வந்து விழுந்து சாகிற பூச்சி. அகராதியைத் திறந்தால் இதே சொல்லுக்கு வெட்டுக்கிளி என்றும் பொருள் இருக்கும். மலையாளத்தில் விட்டில் என்றாலே வெட்டுக்கிளிதான். அதாவது விட்டில் என்பது ஒரு பூச்சிக் குடும்பத்தின் பெயராக இருந்ததில்லை.

இன்னொன்று அந்து. பத்தாயத்தில் கொட்டி வைத்த நெல்லைக் குடைந்து, உமியை மட்டும் மிச்சம் வைத்துவிட்டுப் பறக்கிற சின்னஞ்சிறு மங்கல் பூச்சி. ‘நெல்லில் அந்து விழுந்துட்டு’ என்றால் ஒரு வீட்டின் சாப்பாட்டில் கை வைத்தாயிற்று என்று பொருள். இதே பூச்சியால் பிரான்சில் அங்கூமுவா என்ற பகுதியில் தானியம் அழிந்து, அதை ஆராய்ந்து 1762-ல் ஒரு புத்தகமே வெளிவந்தது. இன்றைக்கும் அதன் ஆங்கிலப் பெயரில் அந்த ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலத்தின் ‘மாத்’ என்ற சொல்லும் பழைய காலத்தில் துணியை அரிக்கிற புழுவைக் குறித்ததுதான்.

பின்னாளில் வேளாண் அறிவியலைத் தமிழில் எழுதியபோது, நெல்லுக்குள் இருந்த இந்தச் சின்னச் சொல்லை இழுத்து நீட்டி, உள்ளங்கையைவிடப் பெரிய பூச்சிக்கும் ‘அந்துப்பூச்சி’ என்றே எழுதினார்கள். ஆக, ஒரு பக்கத்துக்கு அழகை வைத்துப் பெயர். மறுபக்கத்துக்கு நஷ்டத்தை வைத்துப் பெயர். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டிவரும்.

காணாமல் போன அந்தி

அறிவியல் பெயரிடல் 1758-ல் லின்னேயஸ் வெளியிட்ட ‘சிஸ்டமா நேச்சுரே’ பத்தாம் பதிப்பிலிருந்து தொடங்குகிறது. செதில் சிறகுப் பூச்சிகள் எல்லாவற்றையும் அவர் பிரித்த விதத்தைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். இரண்டாக இல்லை, மூன்றாகப் பிரித்தார்.

முதலாவது பாப்பிலியோ: உணர்கொம்பு நுனியில் தடிக்கும், உட்காரும்போது சிறகு மேலே கூடும், பகலில் பறக்கும். இரண்டாவது ஸ்ஃபிங்ஸ்: உணர்கொம்பு நடுவில் தடிக்கும், அந்தியிலோ விடியலிலோ பறக்கும். மூன்றாவது ஃபாலீனா: உணர்கொம்பு அடியிலிருந்து நுனிவரை மெலிந்துகொண்டே போகும், ராத்திரி பறக்கும். பகல், அந்தி, இரவு என்று மூன்று அறை.

இந்தக் கதையில் தமிழ்க் கடற்கரைக்கும் ஒரு பங்கு உண்டு. லின்னேயஸிடம் படித்த யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1768-ல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தார். செடிகளோடு பூச்சிகளையும் சேர்த்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். லின்னேயஸின் இன்னொரு மாணவரான ஃபப்ரீசியஸ் அவற்றில் பலவற்றுக்குப் பெயர் வைத்தார். நம் ஊர்ப் பூச்சிகள் ஐரோப்பிய அறைகளுக்குள் போய் உட்கார்ந்தது இப்படித்தான்.

அப்புறம் 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பிரெஞ்சு அறிஞர்கள் மூன்று அறையை இரண்டாக்கினார்கள். ரோபாலோசெரா, ஹெட்டரோசெரா. கிரேக்கத்தில் ரோபாலான் என்றால் கதாயுதம், கெராஸ் என்றால் கொம்பு. முதல் கூட்டம் ‘கதைக் கொம்புகள்’, அதாவது வண்ணத்துப்பூச்சிகள். இரண்டாவது கூட்டத்துக்கு என்ன பெயர் தெரியுமா? ஹெட்டரோ என்றால் மற்ற, வேறான. ‘மற்ற கொம்புகள்’!

இதுதான் இந்தக் கதையின் முடிச்சு என்று எனக்குத் தோன்றுகிறது. வண்ணத்துப்பூச்சிக்கு ஓர் இலக்கணம் இருந்தது. அந்துப்பூச்சிக்கு இல்லை. வண்ணத்துப்பூச்சி இல்லாத எல்லாவற்றையும் கொட்டி வைத்த மூட்டைக்குப் பெயர்தான் அந்துப்பூச்சி. நம்முடைய ‘மற்றும் பலர்’ மாதிரி. நடுவில் இருந்த அந்தி அறையும் இந்த மூட்டைக்குள் போய் மறைந்தது. மலையாளத்தில் இன்றைக்கு இவற்றை சித்திரசலபம், நிசாசலபம் என்று பிரிக்கிறார்கள். ஒன்று சித்திரம், இன்னொன்று நிசி. அங்கேயும் அந்திக்கு இடமில்லை.

பொழுதுபோக்குக்கு ஒன்று, பூச்சிமருந்துக்கு ஒன்று

பிரிட்டிஷ் காலத்தில் இந்த வேலி இன்னும் உயரமாச்சு. ஆனால் உடனே இல்லை. ஆரம்பத்தில் இரண்டு பக்கத்தையும் சமமாகவே பார்த்தார்கள். ஃப்ரெடரிக் மூர் எழுதிய ‘லெபிடாப்டெரா ஆஃப் சிலோன்’ 1880 முதல் 1887 வரை மூன்று பாகங்களாக வந்தது. அதற்கான படங்களை வரைந்தவர்கள் டி அல்விஸ் குடும்பத்து இலங்கை ஓவியர்கள். வண்ணத்துப்பூச்சி, அந்து, இரண்டின் புழுக்கள், கூட்டுப்புழுக்கள் என எல்லாவற்றுக்கும் ஒரே அக்கறை.

1891-ல் இரண்டு விஷயம் நடந்தது. திருவனந்தபுரம் அருங்காட்சியகத்தைக் கவனித்து வந்த ஹரால்ட் ஃபெர்குசன், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் திருவிதாங்கூர் வண்ணத்துப்பூச்சிகளின் பட்டியலை வெளியிட்டார். 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரை எங்க ஊரெல்லாம் திருவிதாங்கூரோடு இருந்ததால், இந்த மலையடிவாரத்துப் பாப்பாத்திகளுக்கான பழைய பட்டியல் அதுதான். அதே 1891-ல், நீலகிரியில் தோட்டம் வைத்திருந்த ஜார்ஜ் ஹாம்ப்சன் நீலகிரியின் அந்துப்பூச்சிகளைப் பற்றிய நூலைக் கொண்டுவந்தார். அதன் பிறகு ‘ஃபானா ஆஃப் பிரிட்டிஷ் இந்தியா’ வரிசையில் 1892 முதல் 1896 வரை அந்துகளுக்கு நான்கு பாகம் எழுதி முடித்தார். அதே வரிசையில் பிங்ஹாமின் வண்ணத்துப்பூச்சிப் பாகங்கள் வந்தது 1905-லும் 1907-லும்தான். கவனியுங்கள், அந்துதான் முந்தியது.

பிறகு வழி பிரிந்தது. வண்ணத்துப்பூச்சி ராணுவ அதிகாரிகள், தோட்டத் துரைமார், வனத்துறைக்காரர்களின் ஓய்வுநேர விளையாட்டானது. கர்னல், பிரிகேடியர் என்று பட்டம் போட்டவர்கள் வலையும் கையுமாக அலைந்தார்கள். 1957-ல் விண்டர்-பிளைத் எழுதிய ‘பட்டர்ஃப்ளைஸ் ஆஃப் தி இந்தியன் ரீஜன்’ சாதாரண வாசகனும் கையில் வைத்துப் பார்க்கிற புத்தகமாக வந்தது.

அந்துப்பூச்சி போனது வேளாண்துறைக்கு. சென்னை மாகாணத்தின் அரசுப் பூச்சியியலாளராக இருந்த பெயின்பிரிக் ஃப்ளெட்சர் 1914-ல் ‘சம் சவுத் இந்தியன் இன்செக்ட்ஸ்’ என்ற பெரிய நூலை எழுதினார். 1940-ல் டி.வி. ராமகிருஷ்ண ஐயரின் தென்னிந்தியப் பொருளாதாரப் பூச்சியியல் கையேடு வந்தது. இரண்டும் அருமையான வேலை, சந்தேகமே இல்லை. ஆனால் அவற்றின் நோக்கம் பயிரைக் காப்பது. நெல் தண்டுத் துளைப்பான், தென்னைக் கருந்தலைப்புழு, முருங்கைக் கம்பளிப்புழு: அந்துப்பூச்சிக்கு ஊரில் கிடைத்த அறிமுகம் இப்படிக் குற்றப்பத்திரிகை வழியாகத்தான் கிடைத்தது.

இந்தியாவில் வண்ணத்துப்பூச்சிகள் 1,300-க்கு மேல். அந்துகள் 10,000-க்கு மேல். அந்தப் பத்தாயிரத்தில் பயிருக்கு உண்மையிலேயே தொல்லை தருபவை ஒரு சிறுபகுதிதான். அந்தச் சிறுபகுதியின் கெட்ட பெயரைத்தான் மொத்தக் கூட்டமும் சுமக்கிறது.

விளைக்குள் ஒரு சுற்று

இப்போது அந்த ஐந்து விதிகளையும் எடுத்துக்கொண்டு விளைக்குள் போவோம்.

*பகல், இரவு.* காலை பத்து மணி வெயிலில் செடிக்குச் செடி மெதுவாகப் பறக்கிற, கறுப்புச் சிறகில் கண்ணாடி ஜன்னல்களும் வயிற்றில் மஞ்சள் வளையமும் உள்ள ‘அமாட்டா’ குளவி மாதிரி இருக்கும், அது அந்து. மஞ்சளும் நீலமும் கலந்து வண்ணத்துப்பூச்சியையே தோற்கடிக்கிற ‘டிஸ்ஃபேனியா’ பகலில் பறக்கும்; அதுவும் அந்து. தெச்சிப் பூவுக்கு முன்னால் உட்காராமலே அந்தரத்தில் நின்று தேன் குடிக்கிற, கண்ணாடிச் சிறகு உள்ள பச்சை உடம்புப் பூச்சியைத் தேன்சிட்டுக் குஞ்சு என்றோ பெரிய வண்டு என்றோ நினைப்போம். அதன் பெயர் ‘செஃபனோடெஸ் ஹைலாஸ்’, சுத்தமான அந்து. மறுபக்கம், ‘ஈவினிங் பிரவுன்’ என்ற காய்ந்த சருகு நிற வண்ணத்துப்பூச்சி பகலெல்லாம் சருகோடு சருகாகக் கிடந்துவிட்டு, விளக்கு வைக்கிற நேரத்தில் எழும்பும். சில நாள் வீட்டு விளக்குக்கும் வரும்.

*சிறகு.* ஸ்கிப்பர் வகை வண்ணத்துப்பூச்சிகள் பல சிறகைப் பாதி திறந்தும் பாதி மூடியும் உட்காரும். சில வகைகள் இலைக்கு அடியில் போய்ச் சிறகை முழுக்க விரித்து ஒட்டிக்கொள்ளும், அசல் விட்டில் மாதிரியே.

*உடம்பும் நிறமும்.* அதே ஸ்கிப்பர்கள் தடித்த உடம்பு, பழுப்பு நிறம். அரளியிலும் நந்தியாவட்டையிலும் புழுவாக வளர்கிற ‘டாஃப்னிஸ் நேரி’ என்ற அந்தின் சிறகில் பச்சையும் இளஞ்சிவப்பும் கலந்து பட்டுப்புடவை மாதிரி இருக்கும்.

*கூடு.* கறிவேப்பிலையில் வளர்கிற எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு இடுப்பில் ஒரு நூலைக் கட்டிக்கொண்டு வெறும் கூட்டுப்புழுவாக நிற்கும். அது விதிப்படி சரி. ஆனால் பல அந்துகள் பட்டுக்கூடே கட்டாமல் மண்ணுக்குள் புதைந்து கூட்டுப்புழுவாகும். வாழை இலையைச் சுருட்டி, நூலால் தைத்து அதற்குள்ளேயே கூட்டுப்புழுவாகிற ஒரு ஸ்கிப்பரும் இருக்கிறது.

*உணர்கொம்பு.* ஐந்தில் இதுதான் ஓரளவு நம்பலாம். நம் ஊர் வண்ணத்துப்பூச்சி எல்லாவற்றுக்கும் நுனியில் தடிப்போ கொக்கியோ உண்டு. ஆனால் செஃபனோடெஸ் போன்ற சில அந்துகளுக்கும் உணர்கொம்பு நுனிப்பக்கம் தடித்துக் கொக்கியாக வளையும். லின்னேயஸ் அவற்றைத் தனி அறையில் வைத்தது சும்மா இல்லை.

இதைத் தவிர நிபுணர்கள் பார்க்கிற ஆறாவது அடையாளம் ஒன்று உண்டு. பெரும்பாலான அந்துகளின் பின்சிறகு அடியில் ஒரு முள் இருக்கும். அது முன்சிறகின் அடியில் உள்ள கொக்கியில் மாட்டி, இரண்டு சிறகும் ஒன்றாக அசையும். வண்ணத்துப்பூச்சிகளுக்கு இது கிடையாது. அதிலும் ஒரு விலக்கு இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் ‘ரீஜன்ட் ஸ்கிப்பர்’ ஆணுக்கு மட்டும் அந்த முள் உண்டு!

வேலி விழுந்த கதை

1986-ல் மால்கம் ஸ்கோபிள் என்ற பிரிட்டிஷ் பூச்சியியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். தென், மத்திய அமெரிக்காவில் ஹெடிலிடே என்று ஒரு குடும்பம். மங்கல் நிறம், பெரும்பாலும் இரவில் பறப்பவை, உணர்கொம்பில் குண்டு கிடையாது. அதுவரை எல்லோரும் அந்து என்றே வைத்திருந்தார்கள். ஸ்கோபிள் முட்டை, புழு, கூட்டுப்புழு, உடல் அமைப்பு எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்து, இவை வண்ணத்துப்பூச்சிகளின் நெருங்கிய சொந்தம் என்றார். பின்னால் வந்த மரபணு ஆய்வுகளும் அதை உறுதி செய்தன. ‘கதைக் கொம்பு’ என்ற பெயரே வைத்த கூட்டத்துக்குள் கதாயுதம் இல்லாத ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்துவிட்டது.

இன்றைக்கு உலகத்தில் பெயரிடப்பட்ட செதில் சிறகுப் பூச்சிகள் சுமார் 1,60,000. அதில் வண்ணத்துப்பூச்சிகள் ஏறத்தாழ 19,000. மரபணுவை வைத்து வம்சாவளி வரைந்தால், இது இரண்டு மரமாக வராது. அந்து என்ற ஒரே பெரிய மரத்தின் நடுக்கிளை ஒன்றிலிருந்து வண்ணத்துப்பூச்சி என்ற ஒரு சின்னக் கிளை புறப்படும். அதாவது வண்ணத்துப்பூச்சி என்பது பகலுக்கு வந்த அந்து.

எப்போது வந்தது? சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. ரொம்ப நாளாக ஒரு கதை உண்டு: வௌவால்களுக்குப் பயந்துதான் சில அந்துகள் பகலுக்கு ஓடிவந்து வண்ணத்துப்பூச்சியாயின என்று. 2019-ல் வந்த பெரிய மரபணு ஆய்வு இதைத் தள்ளிவிட்டது. வண்ணத்துப்பூச்சிகள் பகலுக்கு வந்தபோது வௌவாலே பிறக்கவில்லை. பகலில் மலர்ந்த பூக்களின் தேன்தான் இழுத்திருக்கும் என்பது இப்போதைய கருத்து. 2023-ல் வந்த இன்னொரு ஆய்வு, முதல் வண்ணத்துப்பூச்சிகள் அமெரிக்கக் கண்டங்களில் தோன்றின என்றும், அவற்றின் புழுக்கள் அநேகமாகப் பயறு வகைச் செடிகளைத் தின்றன என்றும் சொல்கிறது.

இதனால் நமக்கு என்ன?

வெறும் பெயர்ச் சண்டை என்றால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. பெயர் போகிற வழியில்தான் அக்கறையும் போகிறது.

2018-ல் கேரளம் புத்தமயூரியை மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தது. 2019-ல் தமிழ்நாடு தமிழ் மறவனை அறிவித்தது. நல்ல விஷயம், மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டுப் பூச்சிகள் இரண்டும். வண்ணத்துப்பூச்சிப் பூங்காக்கள் வந்தன, கணக்கெடுப்புகள் நடக்கின்றன. அந்துக்கு? மழைக்காலத்தில் ஏதாவது வீட்டுச் சுவரில் இரண்டு கை அகலத்துக்கு ஓர் அட்லஸ் வந்து உட்கார்ந்தால், ‘ராட்சத வண்ணத்துப்பூச்சி’ என்று படத்தோடு செய்தி வரும். மரியாதை கிடைக்க வேண்டுமென்றால் அது வண்ணத்துப்பூச்சியாகப் பெயர் மாற வேண்டியிருக்கிறது! தெற்கு மலைகளிலும் இலங்கையிலும் இருக்கிற அந்தப் பூச்சியின் அறிவியல் பெயரில் ‘தாப்ரபேன்’ என்ற இலங்கையின் பழைய பெயர் இருக்கிறது. வளர்ந்த அட்லஸுக்குச் சாப்பிட வாயே வேலை செய்யாது. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பில் ஒன்றிரண்டு வாரம் வாழ்ந்து, முட்டையிட்டுச் செத்துப்போகும். கடிக்காது, கொட்டாது. பயந்து விளக்குமாறு எடுப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் போதும்.

மறுபக்கமும் பாருங்கள். வாழை இலையைச் சுருட்டுகிற ஸ்கிப்பர் என்று சொன்னேனே, அதற்கு ‘எரியோனோட்டா’ என்று பெயர். கடந்த பத்துப் பன்னிரண்டு வருஷமாகத் தென்னிந்திய வாழைத் தோட்டங்களில் தலையெடுத்திருக்கிறது. மட்டியும் செவ்வாழையும் ஏத்தனும் வைத்திருக்கிற எங்க பக்கத்துக்காரர்களுக்கு அது நல்ல செய்தி இல்லை. அது வண்ணத்துப்பூச்சி. ஆனால் பறப்பது அந்தியிலும் விடியலிலும். நிறம் பழுப்பு, கண் சிவப்பு. அதே அந்தி நேரத்தில் ஆண் பப்பாளிப் பூவிலிருந்து பெண் பப்பாளிப் பூவுக்கு மகரந்தம் கொண்டுபோகிற நீண்ட நாக்குக்காரர்கள், லின்னேயஸ் ஸ்ஃபிங்ஸ் அறையில் வைத்த ஹாக் மாத்கள். அவை அந்துகள். ஒரே விளையில், ஒரே அரை மணி நேரத்தில், ‘அழகான’ கூட்டத்துக்காரன் இலையைச் சுருட்டுகிறான், ‘நஷ்டக்’ கூட்டத்துக்காரன் காய் பிடிக்க வைக்கிறான். எதைப் பார்த்தாலும் மருந்தடிக்கிறவர்களுக்கும், பட்டாம்பூச்சி என்றாலே செல்லம் கொடுக்கிறவர்களுக்கும் இது தெரிந்திருப்பது நல்லது.

இந்தப் பூச்சிகளை அதிகம் பார்ப்பவர்கள் விடியும் முன்பே நெற்றியில் விளக்கு மாட்டிக்கொண்டு ரப்பர் பால்வெட்டப் போகிறவர்கள். அந்த வெளிச்சத்தைச் சுற்றி வருகிற கூட்டத்தில் பாதிக்குத் தமிழில் பெயரே இல்லை. வண்ணத்துப்பூச்சிகளுக்குத் தமிழ்ப் பெயர் வைக்கிற வேலை கொஞ்ச காலமாக நன்றாகவே நடக்கிறது. இரவுக்கும் அந்திக்கும் அந்த வேலை பாக்கி இருக்கிறது. 2012-ல் அமெரிக்காவில் தொடங்கிய தேசிய அந்துப்பூச்சி வாரம் ஒவ்வொரு ஜூலைக் கடைசியிலும் நடக்கிறது. இந்தியாவிலும் பலர் சேர்கிறார்கள். ஒரு வெள்ளை வேட்டியைக் கொடியில் விரித்து, பின்னால் ஒரு பல்பு. அவ்வளவுதான் செலவு.

சரி, கடைசியில் எப்படித்தான் பிரிப்பது? உணர்கொம்பின் நுனியை முதலில் பாருங்கள். குண்டோ கொக்கியோ தெரிந்தால் சிறகை எப்படி வைக்கிறது என்று பாருங்கள். நேரத்தையும் நிறத்தையும் சாட்சியாக மட்டும் வையுங்கள், தீர்ப்பாக வேண்டாம். கைபேசியில் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் அப்புறம் நிதானமாகப் பார்க்கலாம். எல்லாம் பார்த்தும் குழப்பமாக இருந்தால், தயங்காமல் அந்து என்றே சொல்லிவிடுங்கள். வம்சாவளிப்படி பார்த்தால் அந்தப் பதில் ஒருபோதும் தப்பாகாது.